ரீ என்று எழுதினேன், டீ என்று வாசித்தார்

தலைமைப் பொறுப்பை ஒரு கையிலும், பேசுவோர் நேரம் மீறினால் அடிக்கும் அந்தச் சின்ன மணியை மறு கையிலும் வைத்திருக்கும் எங்கள் சிவமணி ரீச்சர் அவர்களே! ஐந்து ஆண்டு அயராது உழைத்து இந்த அறிவியல் கலைச்சொல் அகராதியை ஆக்கித் தந்திருக்கும் அகராதிக் குழுவின் அறிஞர் பெருமக்களே! முழங்கால் வலியை வீட்டிலே விட்டுவிட்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் முதியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலிருந்து நடந்து வந்தோரே, கொட்டாஞ்சேனையிலிருந்தும் மட்டக்குளியிலிருந்தும் இரண்டு பஸ் மாறி வந்தோரே! உங்கள் அனைவருக்கும் என் கூப்பிய கரங்களின் வணக்கம். ஸலாம் சொல்லி வாழ்த்தும் சோதரர்க்கு என் ஸலாம்.

என் பெயர் நவரத்தினம். அழைப்பிதழிலே எனக்கு முன்னால் 'ஆய்வாளர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பட்டத்தை நான் இந்த மேடையிலேயே கழற்றி வைத்துவிடுகிறேன். நான் ஆய்வாளன் அல்லன். பொரளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தின் பின்கட்டிலே, விலங்கறை என்று ஓர் அறை இருந்தது. அந்த அறையிலே முப்பத்தொரு ஆண்டு எலிக்குத் தீனி வைத்தவன், எலிக்குத் தண்ணீர் வைத்தவன், எலிக்கூட்டில் மரத்தூள் மாற்றியவன். அவ்வளவுதான் நான். நீங்கள் வீட்டிலே பொறி வைத்துப் பிடிப்பவற்றை நான் பெயர் வைத்து வளர்த்தேன்.

இப்பொழுது ஒரு வேடிக்கையைப் பாருங்கள். என் தலைக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். என்ன எழுதியிருக்கிறது? "ரீ கலங்கள் எலிகளைக் காப்பது எப்படி?" நன்று. உங்கள் கையிலே இருக்கும் அழைப்பிதழை விரித்துப் பாருங்கள். அதிலே என்ன இருக்கிறது? "டீ கலங்கள் எலிகளைக் காப்பது எப்படி?" பதாகை எழுதியவர் ஒருவர், அழைப்பிதழ் அடித்தவர் இன்னொருவர். ஐந்து வருடம் கூடிப் பேசியும் அகராதிக் குழுவால் முடிவு கட்ட முடியாமல் போன ஒரே எழுத்து இதுதான் என்று கேள்விப்பட்டேன். வாசலிலே ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, தேத்தண்ணி குடித்தால் எலிக்காய்ச்சல் வராதா என்று கேட்டார். சிரிக்காதீர்கள். அவர் மீது குற்றம் இல்லை. 'டீ கலம்' என்று அச்சடித்துக் கையிலே கொடுத்தால், மனிதர் கோப்பையைத்தானே தேடுவார்!

ஐயா, இது தேயிலை அல்ல. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. அந்தச் சுரப்பியிலே படித்துத் தேறி, இரத்தத்திலே இறங்கி வரும் வெண்கலம் ஒன்று. வெண்கலம் என்றதும் குத்துவிளக்கை நினைக்கிறீர்கள், பின்வரிசையிலே சிரிப்பு வருகிறது! வெள்ளை அணு என்றே வைத்துக்கொள்வோம். தைமஸின் முதலெழுத்து ஆங்கில நெடுங்கணக்கின் இருபதாம் எழுத்து. அதனால் அந்த எழுத்தே அதன் பெயராயிற்று.

அந்த இருபதாம் எழுத்தை யாழ்ப்பாணத்தார் நாங்கள் எப்படி எழுதுவோம்? 'ரீ' என்று எழுதுவோம். ரீச்சர், ரிக்கற், ரெலிபோன். எங்களுக்கு 'டீ' என்றால் அது நாலாம் எழுத்து, டொக்டருடைய எழுத்து. ஆனால் கொழும்பிலே பிறந்து கொழும்பிலே வளர்ந்தவர்கள்? அவர்களுக்கு டீச்சர், டிக்கட், டெலிபோன். அவர்களுக்கு 'டீ'தான் இருபதாம் எழுத்து. இரண்டும் தமிழ். இரண்டும் சரி. ஆனால் இந்த இரண்டு சரிகளுக்கும் நடுவே ஒரு பிழை விழுந்தது. அந்தப் பிழையிலே ஒரு பெண்ணின் பெயர் கெட்டது. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். எலிகளைப் பற்றிப் பேச அழைத்தார்கள், எலிகளைப் பற்றியும் பேசுவேன்.

தொண்ணூற்று ஏழாம் ஆண்டு. ஆகா, அந்த விலங்கறையின் மணம் இன்றைக்கும் என் மூக்கிலே இருக்கிறது! மரத்தூளும் ஈரத் தீனியும் கிருமிநாசினியும் கலந்த மணம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எனக்கோ இன்றைக்கும் ஒரு தச்சுப் பட்டறையைக் கடந்து போனால் கால் தானாக நிற்கும். அங்கே இரண்டு பேர் வேலை செய்தோம். நான் ஒருவன். இன்னொருவர் ஜவாஹிறா, கொட்டாஞ்சேனைக்காரர், என்னைவிட ஏழு வயது இளையவர். அவர் என்னை "நவம் அண்ணே" என்பார். நான் அவரைத் "தங்கச்சி" என்பேன்.

அந்தத் தங்கச்சியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலியின் வால் எத்தனை பருமன்? நூடில்ஸ் இழை அளவு. அந்த வாலுக்குள்ளே நாளம் எத்தனை பருமன்? அதைக் கண்ணால் காண்பதே கடினம். அந்த நாளத்துக்குள் ஊசி ஏற்ற வேண்டும். நான் பத்துக்கு நாலு தவறவிடுவேன். ஜவாஹிறா முதலில் வாலை மின்விளக்குக்குக் கிட்டப் பிடித்துச் சூடாக்குவார். நாளம் நீலமாகத் தெரியும். மெதுவாக "பிஸ்மில்லாஹ்" என்பார். எலி திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். பெருநாளைக்கு அவர் வட்டிலப்பம் கொண்டுவருவார், பொங்கலுக்கு என் பொங்கல் குழைந்துவிடும், அதையும் குறைசொல்லாமல் சாப்பிடுவார். அந்த நாட்களுக்காக இப்பொழுதும் ஏங்குகிறேன்.

அந்த ஆய்வுகூடத்தின் தலைவர் டொக்டர் குலரத்ன. நல்ல மனிதர், கோபக்கார மனிதர். அவர் கேட்ட கேள்வி இதுதான். லிஸ்ரீரியா என்று ஒரு பற்றீரியா உண்டு. ஓம், லிஸ்டீரியாதான், நீங்கள் எப்படிச் சொன்னாலும் அது கோபிக்காது. அந்தப் பற்றீரியா ஒரு முறை கொஞ்சமாகத் தொற்றி, எலி பிழைத்துக்கொண்டால், அடுத்த முறை நிறையத் தொற்றினாலும் அந்த எலி சாவதில்லை. ஏன்? அதைக் காப்பது எது?

இரத்தத்திலே மிதந்து கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளா? அப்படித்தான் எவரும் நினைப்பார்கள். ஆனால் இந்தக் கிருமி கெட்டிக்காரக் கள்ளன். கிருமியைத் தின்பதற்கென்றே உடம்பிலே தின்குழியங்கள் என்ற கலங்கள் இருக்கின்றன. இந்தக் கள்ளன் என்ன செய்வான்? ஓடமாட்டான். ஒளியமாட்டான். பொலிஸ்காரன் வீட்டுக்குள்ளேயே போய்க் குடியிருப்பான்! தின்ற குழியத்தின் வயிற்றுக்குள்ளேயே வாழ்வான், வளர்வான், பெருகுவான். வெளியே தெருவிலே மிதக்கும் பிறபொருளெதிரிக்கு வீட்டுக்குள் என்ன வேலை? அதனால் பயன் இல்லை.

அப்படியானால் காப்பது யார்? ரீ கலம்! அது எப்படிக் காக்கிறது? கவனமாகக் கேளுங்கள், தாய்மார்களே, என் பேச்சு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. கிருமி குடியேறிய குழியம், தனக்குள் இருப்பவனின் ஒரு சின்னத் துண்டை எடுத்துத் தன் வாசலிலே வைத்துக் காட்டும். அந்தப் பக்கமாக வரும் ரீ கலம் அந்தத் துண்டைப் பார்க்கும். "இவனை எனக்குத் தெரியும்" என்று அறியும். அறிந்ததும் என்ன செய்யும்? சொல்லும்! ஓர் இரசாயனச் செய்தியாலே, "உன் வீட்டுக்குள் கள்ளன், எழும்பு" என்று சொல்லும். அந்தச் சொல் கேட்டதும் தூங்கிக் கிடந்த குழியம் சினந்து எழுந்து, தன் வயிற்றுக்குள் இருக்கும் கிருமியைத் தானே கொல்லும். சில ரீ கலங்கள் கெட்டுப்போன குழியத்தையே கொல்வதும் உண்டு. ஆனால் இந்தச் சண்டையிலே ரீ கலத்தின் முதல் வேலை கொல்வதல்ல. கண்டு சொல்வது. வென்ற பின்னரும் சில ரீ கலங்கள் சாகாமல், அந்தக் கள்ளனின் முகத்தை நினைவிலே வைத்துக்கொண்டு, எலியின் ஆயுள் வரைக்கும் ஊர் சுற்றும்.

கண்டு சொல்வது. இந்த இரண்டு சொல்லையும் நெஞ்சிலே குறித்துக்கொள்ளுங்கள்.

இதை எண்பிக்க டொக்டர் குலரத்ன ஒரு சோதனை செய்தார். லிஸ்ரீரியாவிலிருந்து பிழைத்த எலிகளின் மண்ணீரலிலிருந்து கலங்களை எடுத்தார். இரண்டு குழாயாகப் பிரித்தார். ஒரு குழாயிலே ரீ கலங்கள் இருந்தன. அதன் மேல் ஆங்கிலத்திலே இருபதாம் எழுத்தை எழுதினார். மற்றக் குழாயிலே ரீ கலங்களை மட்டும் நீக்கிவிட்டார். நீக்கியது என்பதற்கு ஆங்கிலத்திலே நாலாம் எழுத்தில் தொடங்கும் ஒரு சொல் இருக்கிறது, ஆகவே அதன் மேல் நாலாம் எழுத்து. பன்னிரண்டு புதிய எலிகள், இரண்டு கூடு. ஆறு எலிக்கு முதற்குழாய், ஆறு எலிக்கு மற்றது. அதன் பிறகு பன்னிரண்டுக்கும் கிருமி.

செத்ததையும் பிழைத்ததையும் எண்ணுபவருக்கு எந்தக் கூடு எது என்று தெரியக்கூடாது, தெரிந்தால் மனம் ஒருபக்கம் சாயும். அதனால் கூட்டு அட்டைகளைத் தமிழிலே எழுதும்படி டொக்டர் என்னிடம் சொன்னார். அவருக்கும் மற்றவர்களுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ் தெரிந்தவர்கள் நானும் ஜவாஹிறாவும் மட்டும். எத்தனை பாதுகாப்பான இரகசிய எழுத்து! நான் எழுதினேன். ஒரு கூட்டிலே 'ரீ'. ஒரு கூட்டிலே 'டீ'.

இப்பொழுதே சிலர் தலையிலே கை வைக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கியது எனக்கு ஒரு மாதம் விளங்கவில்லை.

ஊசி போடும் நாளில் நான் அங்கே இல்லை. அக்காலத்தை அறிந்தவர்கள் அறிவீர்கள். நான் வெள்ளவத்தையிலே ஒரு லொட்ஜிலே இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பொலிஸிலே பதிய வேண்டும். வேலைக் கடிதம் இருந்தால்தான் பதிவு, பதிவு இருந்தால்தான் லொட்ஜ், லொட்ஜ் இருந்தால்தான் கொழும்பு. அன்று பதிவைப் புதுப்பிக்க வரிசையிலே நின்றேன். ஜவாஹிறா தனியாக ஊசி போட்டார். பன்னிரண்டு வால், பன்னிரண்டு ஊசி, பன்னிரண்டு பிஸ்மில்லாஹ். ஒன்று தவறவில்லை.

மூன்றாம் நாள் காலை நான் விலங்கறையைத் திறந்தேன். 'ரீ' கூட்டைப் பார்த்தேன். எலிகள் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, மூலையிலே ஒடுங்கிக் கிடந்தன. ஐந்தாம் நாள் ஆறிலே ஐந்து செத்துவிட்டன. 'டீ' கூட்டைப் பார்த்தேன். ஆறும் தீனி தின்று, மரத்தூளை வாரி இறைத்து, என்னைப் பார்த்து மீசையை ஆட்டின. என் அட்டைகளின்படி, ரீ கலம் பெற்ற எலி செத்தது. ரீ கலம் பெறாத எலி பிழைத்தது. உலகத்து ஆய்வுகூடமெல்லாம் ஒன்று சொல்ல, பொரளையிலே பன்னிரண்டு எலி வேறொன்று சொல்லிற்று.

டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையிலே குறிப்பேடு திறந்திருந்தது. சிங்களத்திலே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மே வெடே கெருவே கவுத?"

இந்த வேலையைச் செய்தது யார்? அவ்வளவுதான் கேள்வி.

அவையோரே, நான் பொய் சொல்லவில்லை. நான் வாயே திறக்கவில்லை. நான் செய்தது ஒன்றுதான். தலையைத் திருப்பி ஜவாஹிறாவைப் பார்த்தேன். அந்தப் பார்வை போதும். டொக்டர் குறிப்பேட்டை இழுத்து, சிவப்பு மையிலே ஒரு வரி எழுதினார். 'விலங்கறைப் பெண் உதவியாளரின் கவனக்குறைவால் குழாய்கள் மாறின. முடிவு செல்லாது.'

வெளியே நடையிலே ஜவாஹிறா என்னிடம் சொன்னார்.

"நீங்க எழுதின மாதிரித்தான் நான் செஞ்ச, நவம் அண்ணே. ஒண்டுக்கு ரெண்டு தரம் வாசிச்சிப் பாத்துத்தான் குத்தின."

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? "என்ன வாசிச்சனீர், தங்கச்சி?" மூன்றே சொல். அந்த மூன்று சொல்லைக் கேட்டிருந்தால் அந்த நடையிலேயே கதை முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவர் பிழைவிட்டார் என்றே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வேலைக் கடிதத்தை நினைத்தேன், பொலிஸ் பதிவை நினைத்தேன். அடுத்த வாரம் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் பகுதிக்கு மாற்றினார்கள். நாளம் பார்த்து ஊசி ஏற்றிய அந்தக் கை சலவைச் சோடா நீரிலே சோதனைக் குழாய் கழுவிற்று.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு சனிக்கிழமை புறக்கோட்டைக்கு உடுப்பு வாங்கப் போனேன். நடைபாதைக் கடையொன்றிலே, மட்டையிலே கையால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், 'டீ சேட்' என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வெள்ளவத்தைக் கடையிலே 'ரீ சேட்' என்று எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறான், இவன் நாலாம் எழுத்திலே சட்டை விற்கிறானே என்று சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே நின்றது. இந்தக் கடைக்காரனுக்கு டீ என்றால் இருபதாம் எழுத்து. அப்படியானால் ஜவாஹிறாவுக்கு?

அவருக்கும் அதுதான்! 'டீ' என்ற கூட்டுக்கு இருபதாம் எழுத்துக் குழாயை, ரீ கலங்களைக் கொடுத்தார். 'ரீ' என்ற எழுத்து அவருக்கு என்னவென்றே தெரிந்திராது. மிஞ்சிய கூட்டுக்கு மிஞ்சிய குழாயைக் கொடுத்தார். ரீ கலம் பெற்ற எலிகள்தான் பிழைத்தன. பெறாதவைதான் செத்தன. சோதனை பிழைக்கவே இல்லை! எலிகள் உண்மை சொல்லின. கலங்கள் உண்மை சொல்லின. ஜவாஹிறா உண்மை சொன்னார். பிழை என் கையெழுத்திலே இருந்தது. அதைவிடப் பெரிய பிழை என் பார்வையிலே இருந்தது.

அன்றே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் வீட்டு ஒழுங்கையின் தொடக்கம் மட்டும் போனேன். அங்கே ஒரு பேக்கரி. மீன் அடைத்த மாலுபாண் ஒன்று வாங்கி, நின்றபடி தின்றேன். தின்று முடித்தேன். என்னவென்று போய்ச் சொல்வது? திரும்பி வந்துவிட்டேன். அந்த மாலுபாணின் உறைப்பு இன்றைக்கும் தொண்டையிலே இருக்கிறது.

திங்கட்கிழமை டொக்டரிடம், அட்டையிலே ஏதோ சின்னக் குழப்பம் நடந்திருக்கலாம் என்று பட்டும் படாமலும் சொன்னேன். யாருடைய குழப்பம் என்று சொல்லவில்லை. அவரோ, சோதனையை இலக்கம் போட்டுத் திரும்பச் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார். செய்தார். முடிவு முத்துப்போல வந்தது. ரீ கலங்களே காக்கின்றன! அறிக்கையின் கடைசிப் பக்கத்திலே நன்றி சொன்னார். யாருக்கு? 'திறமையான உதவிக்காகத் திரு. நவரத்தினத்துக்கு.' ஒருவருக்கு மட்டும். அந்த அறிக்கை வந்த மாதம் ஜவாஹிறா வேலையை விட்டுப் போனார்.

ரீச்சர் மணியை எடுக்கிறார். அம்மா, அதை இன்னும் ஐந்து நிமிடம் மடியிலேயே வைத்திருங்கள். இருபத்தெட்டு வருடம் பேசாதவனுக்கு ஐந்து நிமிடம் அதிகமா?

இரண்டு மாதத்துக்கு முன்னர் அகராதிக் குழுவின் செயலாளர் டொக்டர் நப்லா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். 'ரீ'யா 'டீ'யா என்று கேட்டார். பேச்சோடு பேச்சாக அந்தப் பிள்ளை சொன்னது இது.

"எங்கட உம்மாவும் அந்தக் காலத்துல எலியோடதான், அங்கிள், வேல செஞ்ச. ஏனோ அதப் பத்திக் கதைக்கவே மாட்டா."

உம்மாவின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அன்றைக்குத்தான் இந்த மேடைக்கு வருவதாக ஒப்புக்கொண்டேன்.

அவையோரே! அந்த அம்மையார் இங்கே இருக்கிறார். நாலாம் வரிசையிலே, மின்விசிறிக்குக் கீழே, மகள் கூப்பிட்டதற்காக வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் இதைப் பேசப்போவது அவருக்குத் தெரியாது. விலங்கறையை விட்ட பின்னர் கொட்டாஞ்சேனையிலே ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையத்திலே இருபது வருடம் இருந்திருக்கிறார். உங்களிலே எத்தனை பேருக்கு அவர் இரத்தம் எடுத்தார்? கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா! வலித்ததா, ஐயா? வலிக்கவில்லை என்கிறார். வலிக்காது. அந்தக் கையைத்தான் நான் கவனக்குறைவான கை என்று ஏட்டிலே ஏற விட்டேன்.

ரீ கலத்தைப் போல நினைவு வேண்டும் என்று ஆய்வுகூடம் பார்க்க வந்த மாணவர்களுக்குப் பலமுறை பேசியிருக்கிறேன். வெட்கம்! எனக்கு நினைவா இல்லை? எல்லாம் நினைவு இருந்தது. மரத்தூள் மணம் நினைவு, வட்டிலப்பத்தின் இனிப்பு நினைவு, மாலுபாணின் உறைப்பு நினைவு. நினைவு மட்டும் காக்குமா? கள்ளனைக் கண்டும், அவன் முகத்தை அறிந்தும், வாயைப் பொத்திக்கொண்டு ஊர் சுற்றும் ரீ கலத்தால் எந்த எலி பிழைத்தது? எந்த உயிர் பிழைத்தது? காண்பது பாதி வேலை. சொல்வதுதான் மீதி. மூன்று தோலா எடைகூட இல்லாத ஓர் எலிக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கலம், கண்டதைக் கண்டபடி சொல்கிறது. ஆறடி மனிதன் நான் சொல்லவில்லை. இப்பொழுது சொல்கிறேன். ஜவாஹிறா பிழை விடவில்லை! பிழை விட்டவன் நான்! பழியை அவர் பக்கம் திருப்பியவனும் நான்! டொக்டர் குலரத்ன இன்று உயிரோடில்லை, அந்தக் குறிப்பேடும் எங்கே என்று தெரியாது. ஆகவே இந்தச் சபையிலே சொல்கிறேன். தங்கச்சி, என்னை மன்னியும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. பிழையைத் திருத்த மட்டும் இடம் தாரும்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இது கைதட்டும் விடயம் அல்ல.

இந்த அகராதியின் கடைசியிலே பிழைதிருத்தம் என்று ஒரு தனித்தாள் வைக்கப்போகிறார்கள். நல்ல புத்தகம் எதிலும் அது இருக்கும். அது இன்னும் அச்சுக்குப் போகவில்லை. குழுவினரே, என் கோரிக்கை இரண்டு. 'ரீ கலம்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'டீ கலம்' என்றும் போடுங்கள். இரண்டையும் போடுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை எந்த எழுத்தைக் கண்டாலும் தடுமாறக்கூடாது. அடுத்தது, அந்தத் தாளின் முதல் வரியாக நான் எழுதிவந்திருக்கும் இந்த வரியையும் போடுங்கள். வாசிக்கிறேன்.

'தொண்ணூற்று ஏழாம் ஆண்டு பன்னிரண்டு எலிகளில் நடந்த ரீ கலச் சோதனையில், பிழை: உதவியாளர் ஜவாகிராவின் கவனக்குறைவு. திருத்தம்: அட்டை எழுதிய நவரத்தினத்தின் தவறு. ஜவாகிரா பன்னிரண்டு ஊசியையும் சரியாகவே ஏற்றினார்.'

டொக்டர் நப்லா, இந்தத் தாளைக் கொண்டுபோய் உம்மாவிடம் கொடுங்கள், பிள்ளை. அவர் சரி என்றால் அச்சுக்குப் போகட்டும், இல்லையென்றால் கிழித்துவிடட்டும்.

வாசிக்கிறார். கண்ணாடியை மாற்றிப் போட்டு வாசிக்கிறார். இன்னொரு தரம் வாசிக்கிறார். பார்த்தீர்களா, அன்றும் இப்படித்தான், ஒன்றுக்கு இரண்டு தரம். ஏதோ சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை, ஒலிவாங்கியைக் கிட்டப் பிடியுங்கள்.

"இதுலயும் பிழை ஒண்டு இரிக்கி, நவம் அண்ணே."

என்ன பிழை, தங்கச்சி?

"ஏண்ட பேரு. கி இல்ல, ஹி. சின்ன ர இல்ல, பெரிய ற. எழுத முந்தி ஒருக்காக் கேட்டிரிக்கலாமே."

கேட்டிருக்கலாம். ஓம், தங்கச்சி. அன்றைக்கும் கேட்டிருக்கலாம்.

அவையோரே, பிழைதிருத்தத்திலேயே பிழை விட்டவனைப் பார்த்துக்கொள்ளுங்கள்! யாராவது அவருக்கு ஒரு பேனை கொடுங்கள். நன்றி, ஐயா. எழுதுகிறார். என் எழுத்தை வெட்டிவிட்டு, தன் பெயரைத் தன் கையாலேயே எழுதுகிறார். முதல் இடத்திலே ஒரு தரம். இரண்டாம் இடத்திலே இன்னொரு தரம். ரீச்சர், அந்தத் தாளை அவர் எழுதியபடியே, எழுத்துக்கு எழுத்து, அச்சிலே ஏற்ற வேண்டும்.

இவ்வளவு நேரம் இந்த எலிக்காரனுக்குச் செவி தந்த சபைக்கும், மணியை மடியிலே வைத்திருந்த தலைவிக்கும், மன்னிப்பை எனக்குத் தராமல் பேனையை மட்டும் வாங்கிய என் தங்கச்சி ஜவாஹிறாவுக்கும், அந்தப் பன்னிரண்டு எலிகளுக்கும் தலை தாழ்த்தி நன்றி சொல்கிறேன். கண்டதைச் சொல்லுங்கள், எழுத முன்னர் கேளுங்கள். எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.